கூகுளில் உங்கள் கடை தெரியவில்லையா? கடலூர், புதுச்சேரி கடைக்காரர்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

கடலூர் முதுநகர் முதல் லாஸ்பேட்டை வரை சிறு கடைகளின் கூகுள் பக்கங்களைச் சரிசெய்து கொடுப்பது என் தொழில். வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கூகுளில் நம் கடை மேலே வரவில்லை." பார்க்கப் போனால் ஒருவருக்குப் பக்கமே சரிபார்க்கப்படாமல், அதாவது கடை அவருடையது என்று கூகுள் உறுதி செய்யாமல், கிடக்கும். இன்னொருவருக்குத் தொழில் வகை தவறாக இருக்கும். மூன்றாமவருக்கு இணையதளத்தின் பெயரே காலாவதியாகியிருக்கும். பெரும்பாலானவை காசு செலவில்லாமல் தீர்கிறவை. ஆனால் நம் ஊரில் பலர் முதலில் யாருக்காவது பணம் கட்டுகிறார்கள், தங்கள் பக்கத்தைத் திறந்து பார்ப்பது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் நிலைக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலிலும் செலவு பிடிக்கும் காரணம் கடைசியிலும் இருக்கும். அதற்கு முன் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## எதையும் தொடுவதற்கு முன்: சரியாகத் தேடிப் பார்ப்பது

கடைக்குள் உட்கார்ந்து உங்கள் போனிலேயே தேடுவது சோதனை ஆகாது. தேடுபவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்துக் கூகுள் வரிசையை மாற்றுகிறது. கடைக்குள் முதலாவதாகத் தெரிவது நாலு கிலோமீட்டர் தள்ளிக் காணாமல் போகலாம்.

ஆகவே இரண்டு பேரைத் தேடச் சொல்லுங்கள். கடலூர் என்றால் ஒருவர் மஞ்சக்குப்பத்தில், இன்னொருவர் முதுநகரில். புதுச்சேரி என்றால் ஒருவர் முத்தியால்பேட்டையில், இன்னொருவர் முதலியார்பேட்டையில். பழைய தேடல்களின் தாக்கம் இல்லாமலிருக்க மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) தேடட்டும். மூன்று தேடல்கள் போதும்: கடையின் பெயர், தொழிலும் பகுதியும் சேர்ந்தது ("ஏசி மெக்கானிக் ரெட்டியார்பாளையம்" என்பது போல), தொழில் மட்டும். மூன்றையும் தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை. திரையைப் படமெடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் யாரையாவது வேலைக்கு அமர்த்தினால் அவர் என்ன மாற்றினார் என்று காட்டும் சான்று இதுதான்.

முடிவுகளில் இரண்டு பகுதிகள் உண்டு. மேலே வரைபடத்தோடு வரும் கடைகளின் பட்டியல் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலிலிருந்து வருவது. கூகுளில் கடைக்கென்று இருக்கும் பக்கம் அது; கடையின் பக்கம் என்று நான் சொல்வது இதைத்தான். கீழே வரும் சுட்டிகள் இணையதளங்கள். எதில் நீங்கள் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

உள்ளூர்த் தேடலில் பொருத்தம், தூரம், பெயர்பெற்றிருத்தல் ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது. இவற்றில் தூரத்தை யாராலும் மாற்ற முடியாது. நெய்வேலியில் நின்று ஒருவர் "மெஸ்" என்று தேடும்போது மஞ்சக்குப்பத்து மெஸ் வரவில்லை என்றால் அது கோளாறே அல்ல. அதையும் வரவழைத்துத் தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

## அறிகுறி 1: கடையின் பெயரை எழுதித் தேடினாலும் வரவில்லை

பக்கம் சரிபார்க்கப்படவில்லை. கடையின் பக்கத்தை உருவாக்கிய மின்னஞ்சல் கணக்கில் நுழைந்து பாருங்கள். சரிபார்ப்பு முடியவில்லை என்ற அறிவிப்பு நின்றால் காரணம் கிடைத்துவிட்டது. இப்போது பல கடைகளுக்குக் காணொளி வழியாகவே சரிபார்க்கச் சொல்கிறார்கள். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். முதலில் தெருவும் பக்கத்துக் கடைகளும், பிறகு உங்கள் பெயர்ப்பலகை, பிறகு உள்ளே சரக்கோ கருவிகளோ, கடைசியாகக் கடை உங்களுடையது என்று காட்டும் ஒரு செயல்: பூட்டைத் திறப்பது, கல்லாவைத் திறப்பது. ஆதார் அட்டை, வங்கி விவரம் எதுவும் படத்தில் விழ வேண்டாம். பலகையில் ஒரு பெயரும் பக்கத்தில் வேறொரு பெயரும் இருந்தால் இந்தக் கட்டத்திலேயே தடுக்கி விழும். பலகையில் உள்ளதே பக்கத்திலும் இருக்கட்டும்.

முகவரியில் மாநிலம் தவறு. நம் பகுதிக்கே உரிய கோளாறு இது. புதுச்சேரியின் எல்லை தமிழ்நாட்டுக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிறது. கோட்டக்குப்பத்துக் கடைக்காரர் தன் முகவரியைப் புதுச்சேரி என்றே எழுதுவார், ஏனென்றால் வாடிக்கையாளர் எல்லோரும் அங்கிருந்துதான் வருகிறார்கள். ஆனால் ஊர் விழுப்புரம் மாவட்டம். கடலூர் சாலையில் முள்ளோடை புதுச்சேரி, ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம். 605 என்று தொடங்கும் அஞ்சல் குறியீடு எல்லையின் இரு பக்கமும் இருப்பதால் குறியீட்டை வைத்தும் முடிவு செய்ய முடியாது. உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள்: 33 என்றால் தமிழ்நாடு, 34 என்றால் புதுச்சேரி. அதற்கு ஏற்றபடி பக்கத்தில் மாநிலத்தை மாற்றுங்கள். ஆவணமும் முகவரியும் முரண்பட்டால் சரிபார்ப்பு திரும்பத் திரும்ப நிராகரிக்கப்படலாம்.

ஒரே கடைக்கு இரண்டு பக்கங்கள். பழைய இடத்தில் ஒன்று, புதிய இடத்தில் ஒன்று. அல்லது அப்பா தொடங்கியது ஒன்று, மகன் தொடங்கியது ஒன்று. கூகுள் மேப்ஸில் உங்கள் தொலைபேசி எண்ணையும் பழைய பெயரையும் தேடினால் அகப்படும். ரிவியூ அதிகமுள்ள பக்கத்தை வைத்துக்கொண்டு மற்றதை நகல் என்று புகார் செய்யுங்கள். ரிவியூ உள்ள பழைய பக்கத்தை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். வருடக்கணக்கில் சேர்ந்த நற்பெயர் அதில் இருக்கிறது.

"நிரந்தரமாக மூடப்பட்டது" என்று காட்டுகிறது. எந்தக் கூகுள் பயனரும் இப்படித் திருத்தம் பரிந்துரைக்கலாம். உங்கள் கணக்கில் நுழைந்து "திறந்திருக்கிறது" என்று மாற்றினால் போதும். புயல் மழைக் காலத்தில் இன்னொரு வகை வரும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததே, அதுபோன்ற நாட்களில் "தற்காலிகமாக மூடல்" என்று போட்டுவிட்டுத் தண்ணீர் வடிந்த பிறகு அதை எடுக்க மறந்துவிடுவது. அதையும் பாருங்கள்.

## அறிகுறி 2: பெயரை எழுதினால் வருகிறது, தொழிலை எழுதினால் வரவில்லை

என்னிடம் அதிகம் வருவது இதுதான். பணம் அதிகம் வீணாவதும் இதில்தான்.

முதன்மைத் தொழில் வகை. முதலில் இதையே பாருங்கள். கூகுளின் வகைப் பட்டியல் நிலையானது, நீங்களாக எழுத முடியாது. ரயில் நிலையத்தின் அருகே ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் கடை, "இரு சக்கர வாகன விற்பனை" என்ற வகையில் பதிவாகியிருந்தால் வாடகைக்குத் தேடும் சுற்றுலாப் பயணி கண்ணில் அது படுவது கடினம். தையல்காரர் "துணிக்கடை" என்று இருப்பார். கேட்டரிங் செய்பவர் "உணவகம்" என்று இருப்பார். உங்கள் தொழிலை எழுதித் தேடும்போது முதலில் வரும் மூன்று கடைகளைத் திறந்து, பெயருக்குக் கீழே என்ன வகை காட்டுகிறது என்று பாருங்கள். வருமானத்தில் பெரும்பகுதி எந்த வேலையிலிருந்து வருகிறதோ அதுவே முதன்மை வகை. அதற்கு மேல் ஒன்பது வகைகள் வரை சேர்க்கலாம், ஆனால் ஒன்பதையும் நிரப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. நிஜமாகச் செய்கிற வேலைகளை மட்டும் சேர்த்தால் போதும்.

வகையை மாற்றிய பின் சில வாரங்கள் பொறுங்கள். ஒவ்வொரு நாளும் ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தால் எது பலன் தந்தது என்று உங்களுக்கே தெரியாது.

வரைபடத்தில் புள்ளி தவறான இடத்தில் இருக்கிறது. அண்ணா நகர், காந்தி நகர் என்ற பெயர்கள் எல்லா ஊரிலும் உண்டு. தானாக விழுந்த புள்ளி வேறொரு நகரில் உட்கார்ந்திருக்கும். செயற்கைக்கோள் படத்தில் உங்கள் கூரையைக் கண்டுபிடித்து அதன் மேல் புள்ளியை நகர்த்துங்கள். தூரம் கணக்கிடப்படுவது அந்தப் புள்ளியிலிருந்து.

வீட்டிலிருந்து தொழில் செய்பவர். ஏசி மெக்கானிக், பிளம்பர், எலெக்ட்ரீஷியன் போன்றவர்கள் வாடிக்கையாளர் வராத வீட்டு முகவரியைக் காட்டக் கூடாது என்பது விதி. முகவரியை மறைத்துவிட்டுச் சேவைப் பகுதிகளைக் கொடுங்கள். இருபது வரை கொடுக்கலாம். ஆனால் சென்னை வரை கொடுத்துவிட்டால் சென்னையிலும் தெரியும் என்று எண்ண வேண்டாம். பகுதியை விரிப்பதால் வரிசை உயர்வதில்லை.

ஊர்ப் பெயரின் பல வடிவங்கள். 2006இல் அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி ஆன பிறகும் மக்கள் பாண்டிச்சேரி, பாண்டி, புதுவை என்றும் தேடுகிறார்கள். திருப்பாதிரிப்புலியூரைத் திருப்பாப்புலியூர் என்று எழுதுபவர்கள் ஏராளம், ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் பல வடிவங்கள். முகவரியில் ஒரே வடிவத்தை எல்லா இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்: கூகுள், ஃபேஸ்புக், வணிக விவரத் தளங்கள், பில் புத்தகம். மற்ற வடிவங்களை உங்கள் இணையதளத்தில் இயல்பான வாக்கியமாக ஓரிடத்தில் எழுதலாம்.

பெயரில் மட்டும் இவற்றைத் திணிக்காதீர்கள். "பாண்டிச்சேரியின் சிறந்த ஏசி ரிப்பேர்" என்று கடைப் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் வழக்கம் பரவிக் கிடக்கிறது. சிலருக்குக் கொஞ்ச நாள் பலனும் தருகிறது. அதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கும் ஆசை வருகிறது. ஆனால் இது கூகுள் விதிக்கு எதிரானது. பக்கம் முடக்கப்பட்டால் பண்டிகை வியாபாரம் மொத்தமும் போய்விடும். போட்டிக் கடை அப்படிச் செய்திருந்தால் மேப்ஸில் "திருத்தம் பரிந்துரை" வழியாக உண்மைப் பெயரைப் பலகையின் படத்தோடு தெரிவியுங்கள். அது உங்கள் உரிமை.

ரிவியூ குறைவு. வகையும் புள்ளியும் சரியாக இருந்தும் கீழேயே இருந்தால் அடுத்த காரணம் இது. வேலை முடிந்து வாடிக்கையாளர் நிறைவாக இருக்கும் நேரத்தில், பக்கத்திலிருந்து எடுத்த ரிவியூ சுட்டியை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். என்ன வேலை செய்தோம், எந்தப் பகுதி என்று அவர் தம் சொந்தச் சொல்லில் எழுதினால் பலன் கூடும். தமிழில் எழுதினாலும் நல்லது. எழுதுபவருக்குத் தள்ளுபடி கொடுப்பது, பணத்துக்கு ரிவியூ வாங்குவது இரண்டும் விதிமீறல். உழைத்துப் பெயர் எடுத்த கடைக்கு அது அவமானமும்கூட.

இணையதளம் இல்லை, அல்லது எழுத்தே இல்லாத இணையதளம். செலவு பிடிக்கும் காரணம் என்பதால் கடைசியில் வைத்தேன். நம் ஊர்க் கடைகளின் தளங்கள் பலவற்றில் விளம்பரப் பலகைகளைப் படமாக ஒட்டி வைத்திருக்கிறார்கள். கூகுள் முதன்மையாகப் படிப்பது எழுத்தை. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு பக்கம், அதில் என்ன செய்கிறோம், எந்தப் பகுதிகளில், ஏறக்குறைய எவ்வளவு கட்டணம் என்று எழுத்தாகவே இருக்க வேண்டும். ஊருக்கு ஒரு பக்கம் என்று ஒரே வாசகத்தில் நெல்லிக்குப்பம், பண்ருட்டி, சிதம்பரம் என்று பெயரை மட்டும் மாற்றி இருபது பக்கம் போடுவது வேலைக்கு உதவாது.

## அறிகுறி 3: சில நேரங்களில் மட்டும் காணாமல் போகிறது

காலையில் இருக்கிறது, மாலையில் இல்லை என்றால் திறப்பு நேரத்தைப் பாருங்கள். கடை திறந்திருக்கிறதா என்பது உள்ளூர் வரிசையில் முன்பைவிட வலுவான அடையாளமாகியிருப்பதை 2023 இறுதியில் கூகுள் தரப்பு உறுதி செய்தது. புதுச்சேரியில் மதியம் சாத்திவிட்டு நாலு மணிக்குத் திறக்கும் கடைகள் நிறைய. அவர்கள் காலை நேரத்தை மட்டும் போட்டுவிட்டு மாலை நேரத்தை விட்டுவிடுகிறார்கள். ஒரே நாளுக்கு இரண்டு நேரத் துண்டுகள் சேர்க்க வசதி இருக்கிறது. பொங்கல், தீபாவளி போன்ற நாட்களுக்குச் சிறப்பு நேரம் தனியாகக் கொடுங்கள்.

இதற்காக 24 மணி நேரமும் திறந்திருப்பதாகப் போட வேண்டாம். இரவு வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பும் மருந்துக் கடை வாடிக்கையாளரின் கோபம் நியாயமானது.

## அறிகுறி 4: நேற்று வரை வந்தது, இன்று இல்லை

முதலில் மின்னஞ்சலைப் பாருங்கள், ஸ்பேம் பெட்டி உட்பட. பக்கம் முடக்கப்பட்டிருந்தால் அறிவிப்பு வந்திருக்கும்.

முடக்கம் இல்லை என்றால்: பக்கத்தைத் திறந்து யாராவது வகை, எண், புள்ளி மாற்றியிருக்கிறார்களா என்று ஒப்பிடுங்கள். பொதுமக்களின் பரிந்துரைகள் சில நேரம் தானாக ஏற்கப்படும். எல்லாம் அப்படியே இருந்தால் உங்கள் கடைக்கு அருகில் புதுக் கடை வந்திருக்கலாம், அல்லது கூகுள் தன் தேடல் முறையை மாற்றியிருக்கலாம். இரண்டு வாரம் எதையும் தொடாமல் கவனியுங்கள். பதற்றத்தில் செய்யும் மாற்றங்களே இந்த நிலையில் அதிகக் கேடு செய்கின்றன.

முடக்கம் உண்டு என்றால்: புதிதாக இன்னொரு பக்கம் தொடங்காதீர்கள். முதலில் விதிமீறலைத் திருத்துங்கள்: பெயரில் ஒட்டிய சொற்கள், காட்டக் கூடாத வீட்டு முகவரி, இரட்டைப் பக்கம். பிறகு ஜி.எஸ்.டி. சான்றிதழ், நகராட்சி அல்லது மாநகராட்சி வணிக உரிமம், கடை முகவரியில் உள்ள மின் கட்டண ரசீது, பெயர்ப்பலகைப் படம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே கோப்புறையில் வையுங்கள். மேல்முறையீட்டைத் தொடங்கியதும் சான்றுகள் சேர்க்கும் படிவம் திறக்கும். அதைத் திறந்தபின் 60 நிமிடம்தான் அவகாசம். பீரோவில் உரிமத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது நேரம் போய்விட்டால் சான்று இல்லாமலே முறையீடு பரிசீலிக்கப்படும். ஆகவே எல்லாம் கையில் வந்த பிறகே தொடங்குங்கள். ஆவணங்கள் வேறு வேறு பெயரில் இருந்தால் அதற்கான விளக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

முறையீடு நிராகரிக்கப்பட்டால் அடுத்ததை நீங்களாக அனுப்பாதீர்கள். இது அனுபவமுள்ள ஆளை அழைக்கும் இடம்.

## அறிகுறி 5: வரைபடத்தில் வருகிறது, இணையதளம் வரவில்லை

ஒரு சோதனை செய்யுங்கள். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் "site" என்ற சொல்லை எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் உங்கள் இணைய முகவரியை எழுதித் தேடுங்கள். உங்கள் தளத்திலிருந்து கூகுள் சேர்த்து வைத்திருக்கும் பக்கங்கள் வரிசையாக வரும்.

ஒன்றுமே வரவில்லை, தளமும் திறக்கவில்லை. டொமைன், அதாவது இணையதளத்தின் பெயர், காலாவதியாகியிருக்கலாம். தளம் செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே அதைப் பதிவு செய்து, பிறகு தொழிலை விட்டுப் போயிருப்பார். உங்கள் பெயருக்கும் மின்னஞ்சலுக்கும் மாற்றிப் புதுப்பியுங்கள். இன்னொன்றும் உண்டு. கூகுள் முன்பு பிசினஸ் ப்ரொஃபைலோடு இலவசமாகக் கொடுத்த ஒற்றைப் பக்கத் தளங்களை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. 2024 ஜூன் 10 வரை அந்த முகவரிகள் ப்ரொஃபைலுக்குத் திருப்பிவிட்டன, அதன் பிறகு அதுவும் இல்லை. இன்றும் பெயர்ப்பலகையிலும் விசிட்டிங் கார்டிலும் அந்த முகவரியை வைத்திருப்பவர்கள் அதை அழித்துவிடலாம்.

தளம் திறக்கிறது, ஆனால் கூகுளில் ஒரு பக்கமும் இல்லை. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய தளம் என்றால் அமைப்புகளில் "ரீடிங்" பகுதிக்குப் போங்கள். தேடுபொறிகளைத் தடுக்கும் ஒரு கட்டம் அங்கே இருக்கும். தளம் கட்டும்போது அதில் குறியிட்டுவிட்டு எடுக்க மறந்திருப்பார்கள். எடுத்துவிடுங்கள். பிறகு தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிவு செய்து முகப்புப் பக்கத்தின் முகவரியைச் சோதித்துச் சேர்க்கக் கோருங்கள். இது இலவசம். சில நாள் முதல் சில வாரம் ஆகலாம்.

உங்களுடையதல்லாத பக்கங்கள் வருகின்றன. ஜப்பானிய எழுத்து, மருந்து விற்பனை, சூதாட்டம் என்று நீங்கள் எழுதாதவை தெரிந்தால் தளத்துக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். உங்கள் பெயரை நம்பி வருபவர்களை அது ஏமாற்றுகிறது. தாமதிக்காமல் தொழில் தெரிந்தவரை அழையுங்கள். கடவுச்சொற்களை மாற்றுவது மட்டும் போதாது.

பக்கங்கள் இருக்கின்றன, மேலே வரவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் "முகப்பு" என்றோ "ஹோம்" என்றோ மட்டும் இருக்கிறதா? அங்கே தொழிலும் ஊரும் வர வேண்டும். போனில் தளம் திறக்க நேரமாகிறதா என்று கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் பாருங்கள். பெரும்பாலும் சுருக்காமல் ஏற்றிய புகைப்படங்களே காரணம்.

## அறிகுறி 6: ரிவியூ வருகிறது, பிறகு மறைகிறது

ஒரே நாளில் பத்துப் பேர், கடையின் வைஃபையிலிருந்தே, ஒரே மாதிரி வாசகம் என்றால் கூகுளின் வடிகட்டி எடுத்துவிடலாம். ஊழியர்களும் உறவினர்களும் எழுதியவையும் போகலாம். மீட்க வழி தேட வேண்டாம், உண்மையான வாடிக்கையாளரிடம் சீராகக் கேட்டுக்கொண்டே இருங்கள். கெட்ட ரிவியூவுக்கு அமைதியாகப் பதில் எழுதுங்கள். கடைக்கே வராதவர் எழுதியது, வசைச்சொல் உள்ளது போன்ற விதிமீறல்களை மட்டும் புகார் செய்யலாம். பிடிக்கவில்லை என்பதற்காக எதுவும் நீக்கப்படாது.

## அறிகுறி 7: நன்றாகத் தெரிகிறது, அழைப்பு வரவில்லை

பக்கத்தில் உள்ள எண்ணை நீங்களே அழைத்துப் பாருங்கள். 04142, 0413 என்று தொடங்கும், எப்போதோ துண்டித்த தரைவழி எண் அங்கே இருக்கலாம். பிறகு படங்கள்: உள்புறமும் வெளிப்புறமும் பகல் வெளிச்சத்தில் எடுத்துப் போடுங்கள்.

## ஆளை அழைக்கும் நேரம், அவரிடம் கேட்க வேண்டியவை

மேல்முறையீடு நிராகரிக்கப்பட்டது, தளத்துக்குள் யாரோ புகுந்தது, தளத்தைப் புதிதாக எழுத வேண்டியிருப்பது, எல்லாம் சரிசெய்து சில மாதங்கள் ஆகியும் அதே பகுதிக்குள் நகராமல் இருப்பது: இந்த நான்கிலும் தொழில்முறை உதவிக்குச் செலவு செய்வது தகும்.

முதலிடம் உறுதி என்று சொல்பவரைத் தவிர்த்துவிடுங்கள். இயல்பான வரிசையில் உயர்த்தக் கூகுள் பணம் வாங்குவதில்லை. விளம்பரத்துக்குக் கட்டும் பணமும் அந்த வரிசையை உயர்த்தாது. கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் பக்கம் போய்விடும் என்று வரும் அழைப்புகளைத் துண்டித்துவிடுங்கள்.

வேலை கொடுக்கும் முன் மாதா மாதம் என்ன செய்வார் என்று எழுத்தில் வாங்குங்கள். ப்ரொஃபைலில் முதன்மை உரிமையாளராக உங்கள் மின்னஞ்சலே இருக்கட்டும். அவரை நிர்வாகியாக மட்டும் சேருங்கள். டொமைன் பதிவும் சர்ச் கன்சோலும் அப்படியே. முன்பு வேலை செய்தவர் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு பதில் சொல்லாமல் இருந்தால், மேப்ஸில் உங்கள் பக்கத்தைத் திறந்து உரிமை கோருங்கள். அவருக்கு மூன்று நாள் அவகாசம் தரப்படும். அதற்குள் அவர் பதில் தராவிட்டால், கடை உங்களுடையது என்று நீங்களே சரிபார்த்து எடுத்துக்கொள்ள வழி கிடைக்கலாம்.